சீனாவுல மூணு வேளையும் மான்டோ சாப்பிடறாங்களே, உள்ள ஒண்ணுமே இல்லாம எப்படி? நான் பண்ணா ஏன் சுருங்கிப் போகுது?

ஜினான்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஷாண்டோங் மாகாணத்துல ஜினான்ல மேல்படிப்பு படிக்கிறேன், வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. இங்க கேன்டீனுக்கு எந்த வேளைக்குப் போனாலும் ஆவி பறக்க வெள்ளை வெளேர்னு ஒரு பன் அடுக்கி வெச்சிருக்காங்க, மான்டோன்னு பேரு, உப்பு கிடையாது, இனிப்பு கிடையாது, உள்ள பூரணமும் கிடையாது. முதல் மாசம் நான் இதைத் தொடவே இல்ல. ஆனா என் கூடப் படிக்கிற ஷாண்டோங் பசங்க சோறு இருந்தாலும் இதைத்தான் எடுக்கறாங்க, ஒருத்தன் ஒரே வேளைக்கு மூணு சாப்பிடறான், அதுவும் பாதி வெறுமனே பிச்சு பிச்சு. இதுல என்ன ருசி தெரியுதுன்னு யாராவது சொல்லுங்களேன், நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்கறேன்.

ரெண்டாவது விஷயம். இப்ப வெளிய ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன், வீட்டுக்கார அம்மாவை இங்க எல்லாரும் ஆயின்னு கூப்பிடறாங்க (சீன மொழில சின்னம்மா, அத்தை மாதிரி, கேக்கறப்பவே நம்ம ஊர் மாதிரி இருக்கு). அவங்க கிட்ட கத்துக்கிட்டு போன வாரம் நானே பண்ணேன். 500 கிராம் மாவு, 250 மில்லி தண்ணி, 5 கிராம் ஈஸ்ட். மாவு நல்லா பொங்குச்சு, வேகும்போது கண்ணாடி மூடி வழியா பாத்தா உருண்டையா அழகா இருந்துச்சு, அடுப்பை அணைச்சு மூடியைத் திறந்தேன், என் கண்ணு முன்னாடியே புஸ்ஸுன்னு அமுங்கிருச்சு. ரொம்ப நேரம் தண்ணில கை வெச்சா விரல் நுனி எப்படி ஆகும், அந்த மாதிரி தோல் சுருங்கி, உள்ள பிசுபிசுன்னு. ஆயி பாத்துட்டு "பேய் கிள்ளிடுச்சு"ன்னாங்க. எங்க தப்பு பண்ணேன்?

சீஆன்வாசி:

தங்கச்சி, நான் சீஆன்ல ஒன்பது வருஷமா இருக்கேன், இங்க ஷான்ஷி பக்கம் இதை "மோ"ன்னு சொல்வாங்க, பேர்தான் வேற. உன் முதல் கேள்விக்கு என்னால முடிஞ்ச அளவு சொல்றேன்.

நாம வெறும் சோத்தை வாயில போட்டு "இதுல ருசி எங்க"ன்னு கேக்கறோமா? கேக்க மாட்டோம், ஏன்னா அது குழம்புக்கும் பொரியலுக்கும் நடுவுல நிக்கிற பொருள். வடசீனாக்காரனுக்கு மான்டோ அந்த இடம். இங்க ஹோட்டல்ல ஆர்டர் எடுத்து முடிக்கும்போது "ஜூஷி என்ன வேணும்"னு கேப்பாங்க கவனிச்சிருப்ப, ஜூஷின்னா முக்கிய உணவு, அந்த வேளையைத் தாங்குற உணவு, மத்தது எல்லாம் அதுக்குத் தொட்டுக்க. காலைல தினைக் கஞ்சி, உப்புல ஊறப்போட்ட காய், கூட மான்டோ. மதியம் கத்திரிக்காயோ முட்டை தக்காளியோ வதக்கி வெச்சா, கடைசில தட்டுல நிக்கிற அந்தச் சாறை மான்டோவால துடைச்சு எடுத்துச் சாப்பிடுவாங்க பாரு, அதுக்காகவே நான் இப்ப சோத்தை விட்டுட்டு இதை எடுக்கறேன்.

இது ஏன் வடக்குல மட்டும்னா மழைதான் காரணம். சின்லிங் மலையையும் ஹுவாய் ஆத்தையும் சேத்து ஒரு கோடு போட்டா, அதுக்குத் தெக்க வருஷத்துக்கு சுமாரா 800 மில்லிமீட்டருக்கு மேல மழை, நெல்லு, சோறு. வடக்க மழை கம்மி, ஜனவரில தண்ணி உறைஞ்சு போற குளிர், அங்க இலையுதிர் காலத்துல கோதுமை விதைச்சு அடுத்த ஜூன் வாக்குல அறுப்பாங்க. நாட்டோட கோதுமைல ஏறக்குறைய கால்வாசி ஹெனான்ங்கற ஒரே மாகாணத்துல விளையுது, அடுத்தது உங்க ஷாண்டோங்.

சரி, கோதுமைன்னா ஏன் ரொட்டியா சுடாம அவிக்கறாங்கன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். கோதுமை சீனாவோட பயிர் இல்ல, மேற்காசியாலேர்ந்து நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே வந்தது. அதுக்கும் முன்னாடியிலிருந்தே இங்க மண்பானைல அடில ஓட்டை போட்ட தட்டு வெச்சு தினையை ஆவில வேகவைக்கிற பழக்கம் இருந்துச்சு. கோதுமையையும் முதல்ல முழுசா அப்படியே வேகவெச்சுத்தான் தின்னாங்க, அது அவ்வளவு நல்லா இருக்காது. ஹான் வம்ச காலத்துல (சுமாரா ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி) சுத்துற கல் திரிகை பரவினப்புறம்தான் மாவு பெருசாச்சு, மாவு வந்தப்பவும் வீட்டுல ஏற்கனவே அடுப்புல உக்காந்திருந்தது ஆவிப்பானைதான். அதனாலதான் இதுக்கு பிரெட் மாதிரி பழுப்புத் தோல் கிடையாது, ஆவியோட சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அதுல மாவு சிவக்காது.

இன்னொண்ணு, வயசானவங்க கிட்ட பேசிப் பாரு. எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா தட்டுல ஒரு துணுக்கு மோ விழுந்தாலும் விரலால ஒத்தி எடுத்து வாயில போட்டுப்பார். 1955-லேர்ந்து 1993 வரைக்கும் இங்க தானியத்துக்குக் கூப்பன் இருந்துச்சு, வெள்ளை மாவு அளந்துதான் கிடைக்கும், மிச்ச வயித்தை மக்காச்சோள மாவுல பண்ற வோவோடோவாலதான் ரொப்பணும், கூம்பு மாதிரி இருக்கும், அடில கட்டைவிரல் போற அளவு குழி, தொண்டையைக் கீறும். வெள்ளை மான்டோங்கறது பண்டிகைக்கும் விருந்தாளிக்கும். அவரு சின்ன வயசுல அவங்க அம்மா அதை ஒரு கூடைல போட்டு உத்தரத்துல உசரமா தொங்க விடுவாங்களாம், பசங்களுக்கு எட்டக்கூடாதுன்னு. அதை அவர் சொல்லும்போது கையைத் தூக்கிக் காட்டினார், எனக்கு அது மறக்கவே இல்ல.

வெறுமனே பிச்சுத் திங்கிறாங்கன்னு சொன்னியே, ஒரு தடவை சூடா ஒரு வாய் எடுத்து முப்பது தடவை மென்னு பாரு. எச்சில் பட்டு மாவுச்சத்து உடைய உடைய ஒரு இனிப்பு மெதுவா வரும். அதுதான் அவங்க சொல்ற ருசி.

சிங்தாவ்_சமையல்:

சுருங்குறதுக்கு நான் சொல்றேன்மா, நானும் ஒரு குளிர்காலம் முழுக்க இதே பாடு பட்டவ. ஆயி சொன்னது வடக்குல பழைய காலத்துப் பேச்சு, மான்டோ திடீர்னு சுருங்கினா பேய் கிள்ளிடுச்சும்பாங்க.

நீ அடுப்பை அணைச்ச உடனே திறந்ததுதான் முதல் தப்புன்னு நினைக்கிறேன். உள்ள இருக்கிற குமிழி எல்லாம் ஆவியால விரிஞ்சு நிக்குது, ஜில்லுனு காத்து பட்டா ஆவி தண்ணியாகிடும், குமிழி அமுங்கிடும், சுவர் கெட்டிப்பட்டு நின்னா தாங்கும் இல்லன்னா விழுந்துடும். அணைச்சு 5 நிமிஷம் கழிச்சு மூடியைக் கொஞ்சமா சாய்ச்சு வை, அப்புறம் எடு. கண்ணாடி மூடின்னு சொல்றியே, அதுல தண்ணி கோத்து சொட்டு சொட்டா விழும், விழுந்த இடம் எல்லாம் வெந்த பசை மாதிரி ஆயிடும். மூங்கில் மூடி ஈரத்தை உறிஞ்சிக்கும். அது இல்லன்னா மூடிக்கு ஒரு துணி கட்டு, நாம இட்லிக்குத் துணி போடற மாதிரி கீழயும் ஒரு ஈரத்துணி.

ரெண்டாவது, மாவு ரொம்ப பொங்கிருச்சா பாரு. நவம்பர் பாதிலேர்ந்து இங்க ஹீட்டர் போட்டுடறாங்க, வீடு கதகதன்னு இருக்கு, ரெண்டு மணி நேரம்னு புக்குல போட்டிருக்கேன்னு விட்டா புளிச்சுப் போயிடும். கடிகாரத்தைப் பாக்காத, மாவைப் பாரு, ரெண்டு மடங்கு ஆனா போதும். அப்புறம் முக்கியமா, பொங்கினதுக்கு அப்புறம் திரும்பப் பிசையணும், சும்மா ரெண்டு தட்டு இல்ல, வெட்டிப் பாத்தா பெரிய ஓட்டையே தெரியக்கூடாது, அந்த அளவுக்கு 10 நிமிஷமாவது. உருட்டி வெச்சு 15, 20 நிமிஷம் விட்டு கையில எடுத்துப் பாரு, முதல்ல இருந்ததை விட லேசா இருக்கும், அப்ப வேகவை.

எங்க வீட்டுக்கார அம்மா யான்டாய் பக்கத்து ஊரு, அவங்க பிசையும்போதே காஞ்ச மாவைக் கொஞ்சம் கொஞ்சமா தூவி உள்ள தள்ளிட்டே இருப்பாங்க. அப்படிப் பண்ணது வெந்தப்புறம் பரோட்டா மாதிரி அடுக்கு அடுக்கா உரிஞ்சு வரும், கெட்டியா இருக்கும், ஒண்ணு தின்னா வயிறு நிறைஞ்சிடும். ஒரு தடவை சாப்பிட்டுட்டா கேன்டீன் மான்டோ பஞ்சு மாதிரி இருக்கேன்னு தோணும்.

பண்டிகைக்கு ஊருக்குப் போகாம இங்கயே இரு. சீனப் புத்தாண்டுக்கு முந்தின கடைசி மாசத்துல 28-ம் தேதி மாவு பொங்க வைக்கணும், 29-ம் தேதி மான்டோ அவிக்கணும்னு பாட்டே இருக்கு. ஷாண்டோங் கடலோரத்துல அதுக்கு ஹுவா போபோ பண்ணுவாங்க, மீன், புலி, தாமரைன்னு மாவுலயே. சீப்புப் பல்லால அழுத்தினா மீனுக்குச் செதில், கத்தரிக்கோல் நுனியால கிள்ளினா முள்ளம்பன்றிக்கு முள்ளு. சிவப்பு இலந்தை சொருகினதும் உண்டு. போன வருஷம் எனக்கு ஒரு மீன் பண்ணக் குடுத்தாங்க, கண்ணுக்குக் கறுப்பு பீன்ஸ் வெச்சது நான்தான்.

ஷாங்காய்_சைவம்:

யாராவது சைவம் இருந்தா இதைப் படிச்சுடுங்க, தயவு செஞ்சு. வடக்குல மான்டோன்னா உள்ள ஒண்ணும் இருக்காது, பூரணம் வெச்சா அது பாவ்சி. ஆனா ஷாங்காய், சூசோவ் பக்கம் பழைய ஆளுங்க ரெண்டையும் மான்டோன்னுதான் சொல்வாங்க. நான் பெய்ஜிங்ல ஒரு வருஷம் மான்டோவை நம்பியே ஓட்டிட்டு இங்க வந்து, கடை போர்டுல அதே ரெண்டு எழுத்தைப் பாத்து தைரியமா வாங்கிட்டேன், அது ஷெங்ஜியென் மான்டோ, அடி முறுகலா வறுத்தது, கடிச்சா உள்ள பன்னிக்கறி, சூடான சாறு வேற. அன்னிக்கு நான் பட்ட சங்கடம் இன்னொருத்தருக்கு வேண்டாம். இங்க "உள்ள கறி இருக்கா"ன்னு வாய் திறந்து கேட்டுடுங்க. பாக்கெட்ல விக்கிற இனிப்பு மான்டோல பால், சிலதுல பன்னிக்கொழுப்பும் இருக்கும், பின்னாடி படிச்சுப் பாத்து வாங்குங்க.

ஆரம்பத்துல மான்டோன்னாலே கறி வெச்சதுதான்னு சொல்றாங்க, ஜூகே லியாங் கதை கேட்டிருப்பீங்க, மூணு ராஜ்ஜிய காலத்துல பிரதம மந்திரியா இருந்தவர். கி.பி. 225-ல தெற்குப் படையெடுப்பு முடிச்சுத் திரும்பும்போது ஆத்தைக் கடக்க மனுஷத் தலை பலி குடுக்கணும்னாங்களாம், அவர் மாவுல தலை மாதிரி செஞ்சு உள்ள கறி வெச்சு ஆத்துல போட்டாராம், அதுலேர்ந்துதான் இந்தப் பேர்.

சீஆன்வாசி:

அந்தக் கதை எனக்கும் பிடிக்கும், ஆனா எழுத்துல வர்றது சோங் வம்ச காலத்துல, அவர் செத்து எழுநூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு. மான்டோங்கற பேரு அதுக்கு ரொம்ப முன்னாடி, 3-ம் நூற்றாண்டு கடைசில வாழ்ந்த ஷூ ஷிங்கற அறிஞர் மாவுப் பண்டங்களைப் பத்தி எழுதினதுலயே இருக்கு, வசந்த காலத் தொடக்கத்துல விருந்துக்கு ஏத்ததுன்னு. ஜப்பான்ல மன்ஜு, கொரியால மண்டுன்னு சொல்றதும் இதே பேருதான், அங்க இன்னிக்கும் உள்ள பூரணம் இருக்கு பாருங்க. அதனால ஷாங்காய்க்காரங்க சொல்றதுதான் பழைய வழக்கம், வடக்குலதான் மாறிடுச்சு.

தேக்கா_மணி:

சிங்கப்பூர்லேர்ந்து. இங்க நம்ம ஆளுங்களுக்கு மான்டோன்னா சில்லி கிராப் கூட வர்ற சின்ன சின்ன வறுத்த பன்தான், வெளிய மொறுமொறு, உள்ள இனிப்பா பஞ்சு மாதிரி, அந்த சாஸை வழிச்சுச் சாப்பிட. என் கூட வேலை பாக்கற ஹெபெய்க்காரர் (வடசீனா மாகாணம்) முதல் தடவை அதைப் பாத்துட்டு "இது தின்பண்டம், சாப்பாடு இல்ல"ன்னார். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு அவர் அவிச்சதைக் குடுத்தார், என் உள்ளங்கையை விடப் பெருசு, கனம். மிஞ்சினதை மறுநாள் வில்லை போட்டு முட்டைல முக்கி வறுத்துத் தந்தார். ஜினான் தங்கச்சி, உங்க சுருங்கின மான்டோவைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அப்படி வறுத்துடுங்க.

ஜினான்_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து திரும்பப் பண்ணேன். துணி கட்டினேன், 12 நிமிஷம் பிசைஞ்சேன், அணைச்சு அஞ்சு நிமிஷம் கையைக் கட்டிட்டு நின்னேன். எட்டுல ஏழு அப்படியே நின்னுச்சு. விரலால அமுக்கினா திரும்ப எழும்புது. ஆயி ஒண்ணை எடுத்துப் பிச்சு, மூக்குக்கிட்ட கொண்டு போய் மோந்துட்டு, ஒண்ணும் சொல்லாம உக்காந்து முழுசா சாப்பிட்டாங்க. அப்புறம்தான் சொன்னாங்க, ஈஸ்ட்ல மணம் வராது, என் கிட்ட பழைய மாவு இருக்கு, ஒரு உருண்டை தரேன்னு. ஆனா அதுக்கு ஏதோ காரம் (உறைப்பு இல்ல, சோடா மாதிரி) சேக்கணுமாம், அது என்ன, ஆப்ப சோடாவா?

சிங்தாவ்_சமையல்:

வாங்கிக்கோ வாங்கிக்கோ, அது காசுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு தடவையும் பிசைஞ்ச மாவுல ஒரு பிடி எடுத்து வெச்சு அடுத்த தடவைக்கு உறையா போடறது. ஈஸ்ட் மட்டும் இல்லாம புளிக்க வைக்கிற பாக்டீரியாவும் அதுல இருக்கு, அதான் மணம், அதான் புளிப்பும். புளிப்பை முறிக்கத்தான் ஜியென், அது ஆப்ப சோடாவை விட காரம் ஜாஸ்தி, சோடியம் கார்பனேட், சமையலுக்குன்னே தனியா பாக்கெட்ல விப்பாங்க அதைத்தான் வாங்கணும், துணி துவைக்கிற சோடா வேண்டவே வேண்டாம். தண்ணில கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா சேத்துப் பிசை. கம்மியானா புளிக்கும், ஜாஸ்தியானா மஞ்சளா மாறி ஒரு நெடி அடிக்கும், சரியா கலக்கலன்னா மஞ்சள் திட்டுத் திட்டா நிக்கும். அளவு சொல்ல முடியாதும்மா, மாவு எவ்வளவு புளிச்சிருக்கோ அவ்வளவு. மாவைக் கையால தட்டினா பொத்துன்னு கேக்காம டப் டப்னு கேக்கணும், வெட்டின இடத்துல மோந்தா புளிப்பும் வரக்கூடாது சோடாவும் வரக்கூடாது, கோதுமை மட்டும் வரணும். சந்தேகமா இருந்தா கோலி அளவு உருட்டி முதல்ல அதை மட்டும் அவிச்சுப் பாத்துடு.

ஜினான்_பொண்ணு:

பரீட்சை வருது, தினமும் பண்ண முடியாது. அந்த உருண்டையை ஃபிரிட்ஜ்ல வைக்கலாமா?

சீஆன்வாசி:

ஒரு வாரம்னா ஃபிரிட்ஜ் போதும். அதுக்கு மேலன்னா இங்க கிராமத்துல பண்ற மாதிரி மக்காச்சோள மாவு கலந்து உதிரி உதிரியா பிசைஞ்சு, தட்டுல பரப்பி நிழல்ல காய வெச்சு பாட்டில்ல போட்டுடு, மாசக்கணக்கா இருக்கும். வேணுங்கறப்ப முதல் நாள் ராத்திரி ஒரு பிடி எடுத்து வெதுவெதுப்பான தண்ணில ஊற வை, கொஞ்சம் மாவு கலந்து மூடி ஹீட்டர் பக்கத்துல வெச்சுட்டுத் தூங்கு, காலைல எழுந்து பாத்தா பொங்கியிருக்கும்.