ஒஹாயோவில் புஷ் எதனால் ஜெயித்தார்?

கணக்குப்பிள்ளை:
"2004இல் ஒஹாயோவைப் புஷ்ஷுக்கு வாங்கிக் கொடுத்ததே தன்பாலினத் திருமண எதிர்ப்புதான்" என்று நேற்று வடகரை எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இருபது வருடமாக இதே பல்லவி. அந்த அமெரிக்க மாநிலத்தில் 2000 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் புஷ் வாங்கியது 49.97 சதவீத ஓட்டு. 2004இல் 50.81. ஒரு சதவீதம்கூட ஏறவில்லை. நாடு முழுவதும் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று சதவீதம் ஏறியிருக்கிறார். அப்புறம் 2004 தேர்தலோடு சேர்த்து அங்கே வாக்கெடுப்புக்கு விட்ட தன்பாலினத் திருமணத் தடை எங்கே ஐயா வேலை செய்தது?

வடகரை:
2004இல் ஒஹாயோவில் புஷ் ஜெயித்த வித்தியாசமே 1,18,000 சொச்சம் ஓட்டு. தடைக்கு விழுந்தது சுமார் 62 சதவீதம். அன்று ஒரே நாளில் 11 மாநிலங்களில் வாக்கெடுப்பு, பதினொன்றிலும் தடை ஜெயித்தது. எல்லாம் தற்செயல், இல்லையா?

கணக்குப்பிள்ளை:
அந்தப் பதினொன்றில் மிச்சிகனும் ஓரிகனும் உண்டு. அங்கே தடையும் ஜெயித்தது, புஷ்ஷை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் கெர்ரியும் ஜெயித்தார். அதை மட்டும் வசதியாக விழுங்கிவிடுவீர்கள். மறுபடியும் சொல்கிறேன்: 49.97, 50.81.

வேப்பமரம்:
"வாங்கிக் கொடுத்தது", "வேலை செய்தது" என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? கட்சி திட்டம் போட்டதையா, அது பலித்ததையா?

வடகரை:
புஷ்ஷின் பிரசார மேலாளர் கென் மெல்மன் தானும் தன்பாலீர்ப்பாளர்தான் என்று 2010இல் சொன்னார். பிறகு அந்தத் திருமண எதிர்ப்புப் பிரசாரத்துக்காக வருத்தமும் தெரிவித்தார். ஒன்றுமே நடக்காமலா?

கணக்குப்பிள்ளை:
அவர் வருத்தப்பட்டால் ஓட்டு எண்ணிக்கை மாறிவிடுமா? போன தேர்தலிலும் இப்படித்தான் ஆருடம் சொல்லிவிட்டு மூன்று வாரம் தலைமறைவானீர்கள்.

சின்சினாட்டிக்காரன்:
நான் 19 வருடமாக ஒஹாயோவின் சின்சினாட்டியில் இருக்கிறேன். 2015இல் தன்பாலினத் திருமணம் நாடு முழுவதும் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்பளித்த வழக்கில் மனு போட்ட ஓபர்கெஃபெல் எங்கள் ஊர்க்காரர். 1996இல் திருமணத்தை ஆண்-பெண்ணோடு நிறுத்திய சட்டத்துக்குக் கைதூக்கிய எங்கள் குடியரசுக் கட்சிக்காரர் போர்ட்மன், மகன் தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்த பிறகு, 2013இல் வெளிப்படையாக மாறினார். ஓரினச்சேர்க்கையாளர் விஷயத்தில் இங்கே ஜனங்கள்...

கணக்குப்பிள்ளை:
19 வருடம் என்றால் 2004இல் நீங்கள் அங்கே இல்லை. சாட்சி தள்ளுபடி.

வேப்பமரம்:
அந்த "ஓரினச்சேர்க்கையாளர்" என்ற சொல்லை விடுங்களேன். இவர்களை மரியாதையாகக் குறிப்பிடத் தமிழ்நாட்டு அரசிதழிலேயே 2022இல் சொற்பட்டியல் வந்தாயிற்று.

சின்சினாட்டிக்காரன்:
வந்துவிட்டார் தமிழாசிரியர். முதலில் உங்கள் கேள்விக்கு யாராவது பதில் சொன்னார்களா என்று பாருங்கள்.

பழைய சோறு:
ஜனநாயகக் கட்சி மட்டும் யோக்கியமோ? 1996இல் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் கிளின்டன். அப்போது காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் தன்பாலினத் திருமணத்துக்கு ஆதரவு 27 சதவீதம். 2011இல் அது 53 ஆனது. 2012 மே மாதம் துணை அதிபர் பைடன் முந்திக்கொண்டு ஆதரவாக வாயைத் திறந்தார், மூன்று நாள் கழித்து அதிபர் ஒபாமாவுக்கும் ஞானம் பிறந்தது. கூட்டம் பந்தியில் உட்கார்ந்த பிறகு இலை போட்டவர்கள்.

வடகரை:
சரி, குடியரசுக் கட்சிக்காரர்களிடையே ஆதரவு 2022இல் 55ஆக இருந்தது, 2025இல் 41ஆக இறங்கிவிட்டது. யார் இறக்கினார்கள்? அதே பழைய கைதான்.

கணக்குப்பிள்ளை:
ஒஹாயோவைக் கேட்டால் 2025க்கு ஓடுகிறீர்கள். 2004இல் கெர்ரியும் தன்பாலினத் திருமணம் வேண்டாம் என்றவர்தானே? இரண்டு பேருமே வேண்டாம் என்றபோது வாக்காளர் எதை வைத்துப் பிரித்தார்? இராக் போரை வைத்து. நான் எத்தனை தடவை எழுதுவது?

வடகரை:
தன்பாலினத் திருமணத்தைத் தடுக்க நாட்டின் அரசியல் சட்டத்தையே திருத்தக் கெர்ரி சொல்லவில்லை, புஷ் சொன்னார். 1,18,000 ஓட்டு ஐயா. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
49.97. 50.81. கூட்டல் கழித்தல் தெரிந்த யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

சின்சினாட்டிக்காரன்:
"சாட்சி தள்ளுபடி" என்றாரே, அவர் எந்த ஊர் நீதிபதி?