கல்பாக்கம் பக்கம் வீடு, 5000 ரூபாய்க்குள்ள ரேடியேஷன் மீட்டர் வாங்கலாமா?

சதுரங்கப்பட்டினம்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு கல்பாக்கம் அணுமின் ப்ளான்ட்டுக்கு ரொம்ப பக்கம். 2004 சுனாமி அப்ப நான் ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன், தண்ணி வடிஞ்ச பிறகும் எங்க அப்பா தூங்கவே இல்ல, ப்ளான்ட்டுக்கு என்ன ஆச்சோ என்ன ஆச்சோன்னு அதே பேச்சு. பம்ப் ஹவுஸ்ல தண்ணி ஏறினதும் ஓடிட்டிருந்த ரெண்டாவது யூனிட்ட பத்திரமா நிறுத்திட்டாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆனா தெரியுற வரைக்கும் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க பாருங்க, அது எனக்கு இன்னும் மறக்கல. இப்ப வீட்ல மூணு வயசு குழந்தை இருக்கு. ஆன்லைன்ல கெய்கர் கவுன்ட்டர், அதான் ரேடியேஷன் அளக்குற மீட்டர், 5000 ரூபாய்க்குள்ள நிறைய காட்டுது, உள்ள ரேடியேஷன எண்ணுறது ஜே305ங்குற கண்ணாடி ட்யூப்னு போட்டிருக்கு. வாங்கினா உபயோகம் இருக்கா, இல்ல காசுக்கு கேடா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

குளச்சல்_மணல்:
வாங்குங்க தங்கச்சி, ஆனா எதுக்கு வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்குங்க. எங்கிட்ட அதே ஜே305 ட்யூப் போட்ட மீட்டர் ரெண்டு வருஷமா இருக்கு. எங்க ஊரு கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி பக்கம், இங்க கடற்கரை மணல்ல மோனசைட்னு ஒரு தாது இருக்கு, அதுல தோரியம், இயற்கையாவே ரேடியேஷன் விடுற உலோகம். 1909ல ஒரு ஜெர்மன்காரர் இங்கேந்து போன கயிறுல ஒட்டியிருந்த மணல பார்த்துதான் இதையே கண்டுபிடிச்சாரு. எங்க வீட்டு ஹால்ல மீட்டர் மணிக்கு 0.2 மைக்ரோசீவர்ட் (உடம்புல படுற ரேடியேஷனோட அளவு) கிட்ட காட்டும், அதையே கொண்டுபோய் கறுப்பு மணல் மேல வெச்சா கிடுகிடுன்னு ஏறி 1.5ஐ தாண்டும். முதல் தடவை பார்த்தப்ப கை நடுங்கிச்சு, எங்க தாத்தா காலத்துலேந்து இதே மணல்லதான் வலை காய வெக்குறோம்.

அதனால சொல்றேன், மீட்டர் வந்ததும் முதல் வேலை உங்க வீட்டோட சாதாரண அளவு என்னன்னு எழுதி வெக்குறதுதான். சும்மா இருக்கும்போதே எண்ணிக்கை நிமிஷத்துக்கு 15, 22, 18, 27ன்னு குதிக்கும், அது அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். பத்து நிமிஷம் ஓட விட்டு சராசரி எடுங்க. ஒரு மாசம் காலைலயும் ராத்திரியும் ஒரே இடத்துல வெச்சு நோட்ல குறிங்க. அந்த நோட் இல்லாம ஆபத்து நேரத்துல 0.3ன்னு காட்டினா அது அதிகமா கம்மியான்னு உங்களுக்கு எப்படி தெரியும்?

மீட்டர் வேலை செய்யுதான்னு பார்க்க பழைய பெட்ரோமாக்ஸ் மேன்டில் கிடைச்சா வெச்சு பாருங்க, முன்னாடி அதுல தோரியம் போடுவாங்க, நல்லா ஏறும். ஆனா ஜிப் கவர்லயே இருக்கட்டும், குழந்தை கைக்கு எட்டக்கூடாது, அந்த தூசி மூச்சுல போகவே கூடாது.

ஆர்டி_பேட்ஜ்:
நான் பைப் வெல்டிங் ஜாயின்ட்ட ரேடியோகிராபி, அதாவது ரேடியேஷன வெச்சு எக்ஸ்ரே மாதிரி படம், எடுக்குற வேலைல 14 வருஷமா இருக்கேன். மேல அண்ணன் சொன்னது எல்லாம் சரி, நான் முக்கியமா ஒண்ணு சொல்லணும். விலை கம்மியான மீட்டர் சின்ன அளவுலதான் நம்பகமானது. பெரிய அளவு வந்தா அது பொய் சொல்லும், அதுவும் ஆபத்தான பக்கம் பொய் சொல்லும்.

கண்ணால பார்த்தது இது. கூட வேலை பார்த்த பையன் ஒருத்தன் ஆன்லைன்ல வாங்கின மீட்டர சைட்டுக்கு கொண்டு வந்தான். அதை ஜாயின்ட் பக்கத்துல வெச்சு, முன்னாடி போன்ல வீடியோவ ஓட விட்டுட்டு, நாங்க எல்லாரும் கயிறு கட்டின எல்லைக்கு வெளில வந்து வழக்கம்போல ரேடியேஷன் விடுற இரிடியம்-192 சோர்ஸ அதோட பெட்டிலேந்து வெளிய தள்ளினோம். அப்புறம் வீடியோவ போட்டு பார்த்தா டிக் டிக்னு ஆரம்பிச்சு பொரி பொரியுற மாதிரி சத்தம் வந்து, திடீர்னு நின்னு போச்சு. ஸ்கிரீன்ல நம்பர் இறங்குது. சோர்ஸ் பக்கத்துலயேதான் இருக்கு! ஒவ்வொரு துகளையும் எண்ணின பிறகு ட்யூப்புக்கு நொடில ஒரு சின்ன துணுக்கு நேரம் ஓய்வு வேணும், வர்றது அளவு மீறினா அது எழுந்திருக்கவே முடியாம மாட்டிக்கும். அதனால ஏறிட்டிருந்த நம்பர் சட்டுனு இறங்கினா சரியாயிடுச்சுன்னு நினைச்சு வெளில வந்துடாதீங்க சிஸ்டர், ப்ளீஸ்.

இன்னொண்ணு, ஆல்பாங்குற வகை ரேடியேஷன் கண்ணாடிய தாண்டாது, அதனால கண்ணாடி ட்யூப் அத பார்க்காது. பால்ல, தண்ணில கலந்திருக்கானும் இத வெச்சு சொல்ல முடியாது. செர்னோபில்ல 1986ல குழந்தைங்களுக்கு தைராய்டு கேன்சர் வந்ததுக்கு ரியாக்டர்லேந்து வந்த அயோடின்-131ங்குற கதிரியக்க அயோடின் கலந்த பால்தான் பெரிய காரணம், அந்த மாதிரி பாலுக்கு பக்கத்துல இந்த மீட்டர வெச்சா ஒண்ணுமே காட்டாம இருக்கலாம். சாப்பாட்டு விஷயத்துல அரசாங்க அறிவிப்புதான் கணக்கு.

சதுரங்கப்பட்டினம்_பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணா ரெண்டு பேருக்கும். அந்த நம்பர் இறங்குற விஷயம் யாருமே சொன்னதில்ல, படிச்சதும் பக்குனு ஆயிடுச்சு. அப்ப நிஜமா ஏதாவது ஆனா என்ன பண்ணணும்? அயோடின் மாத்திரை முன்னாடியே வாங்கி வெச்சுக்கலாமா? எங்க வீடு முன்பக்கம் ஷீட், பின்னாடி ஒரு ரூம் மட்டும் கான்கிரீட் போட்டது.

ஆர்டி_பேட்ஜ்:
அந்த கான்கிரீட் போட்ட ரூம்தான் உங்க ரூம். ஜன்னல் கதவு சாத்தி, ஃபேன் ஏசி எதுவும் வெளிக்காத்த இழுக்காம பார்த்துக்கிட்டு, சுவர ஒட்டி உக்காராம நடுவுல இருங்க. வெளில போயிட்டு வந்தவங்க மேல் துணிய வாசல்லயே கழட்டி கவர்ல கட்டிட்டு சோப்பு போட்டு குளிச்சாலே ஒட்டினதுல பெரும்பகுதி போயிடும். ப்ளான்ட்ட சுத்தி 16 கிலோமீட்டருக்கு அவசர திட்டம் உண்டு, வெளியேறணுமா உள்ளயே இருக்கணுமான்னு முடிவு பண்றது கலெக்டர். பேட்டரி ரேடியோ ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, மீட்டரவிட அது முக்கியம்னு நான் சொல்வேன். அயோடின் மாத்திரை தைராய்ட மட்டும்தான் காப்பாத்தும், அதுவும் சரியான நேரத்துல போட்டாதான். மூணு வயசு குழந்தைக்கு அளவே வேற, அதிகாரிங்க சொல்லாம நீங்களா கொடுக்காதீங்க.

குளச்சல்_மணல்:
ஒண்ணு விட்டுப் போச்சு தங்கச்சி. மீட்டர கிரானைட் மேடை மேல வெச்சு அளக்காதீங்க, கல்லே கொஞ்சம் கூட்டிக் காட்டும். அப்புறம் நல்ல மழை பெஞ்சா வெளில நம்பர் ஏறும், காத்துல ரேடான்னு இயற்கையான கதிரியக்க வாயு இருக்கு, அதுலேந்து வர்ற துகள மழை தரைக்கு கொண்டு வந்துடும், ரெண்டு மூணு மணி நேரத்துல தானா இறங்கிடும். நோட்ல மழைன்னும் ஒரு கட்டம் போட்டுக்கோங்க.