'டைட் வொர்க்' – உரிப்பணி எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். குறிப்பிட்ட ஓர் அலுவலகமே செய்ய வேண்டும், வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று கட்டப்பட்ட சட்ட வேலையை ஆங்கிலத்தில் 'டைட் வொர்க்' (tied work) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் மடல் பேச்சில் இது என் பங்கு.

கோத்தகிரிப் பக்கத்துக் கிராம சபைகளுக்காக, சட்டமும் விதியும் எப்படி எழுதப்படுகின்றன என்று ஒரு கையேடு எழுதிவருகிறேன். வன உரிமைச் சட்டம் 2006 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. விதிகள் வந்ததோ 2008 ஜனவரி 1 அன்று. "சட்டம் போட்ட பிறகும் விதிக்கு ஒரு வருஷமா? அதை யார் எழுதுகிறார்கள்?" என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லப் போனால் சொல் இல்லை.

நம் ஊரில் விதியை அந்தந்தத் துறை எழுதும். சட்டத் துறை சரிபார்க்கும். பிரிட்டனிலும் விதிகளைப் பெரும்பாலும் துறைகளுக்கான அரசு வழக்கறிஞர்களே எழுதுகிறார்கள். மசோதாக்களுக்கு மட்டும் தனி வரைவு அலுவலகம். ஆஸ்திரேலியாவில் கவர்னர் ஜெனரல் பிறப்பிக்கும் ஒழுங்குமுறைகளை நாடாளுமன்ற வரைவு அலுவலகம்தான் எழுத வேண்டும், துறை வெளியே கொடுக்க முடியாது. அதுதான் 'டைட் வொர்க்'. வரைவாளர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் எந்தத் துறையின் வேலை முதலில், செலவு அலுவலகத்தின் பட்ஜெட்டிலா அல்லது கேட்ட துறைக்குப் பில்லா என்ற கேள்விகள் இந்தச் சொல்லோடு ஒட்டியே வருகின்றன.

இதற்குப் போன மடல்களில் நீங்கள் சொன்ன தமிழ்ச் சொற்களைப் பார்த்தேன். 'கட்டுப்பணி' எனக்கு ஒப்பவில்லை. எஸ்டேட்களும் கொத்தடிமை முறையும் பார்த்த மலை இது; அந்தச் சொல்லைக் கேட்டதும் இங்கே மனசு வேறெங்கோ போய்விடும். 'தனியுரிமை' இப்போது அந்தரங்கத் தகவல் பாதுகாப்புக்குப் போய்விட்டது. 'ஒதுக்கீட்டுப் பணி' என்றால் இட ஒதுக்கீடு என்றே படிப்பார்கள். 'வரைபணி' அழகுதான். வரைதலுக்கு எழுதுதல், எல்லை கட்டுதல் என்று இரு பொருளும் உண்டு. ஆனால் பக்கத்திலேயே 'வரைவுப் பணி' நிற்கிறதே, குழப்பும்.

என் முன்மொழிவு: உரிப்பணி. குறிஞ்சிக்கு உரிப்பொருள் என்கிறோமே, அதே அமைப்பு. இன்னாருக்கே உரிய பணி. கூட்டத்தில் விளக்கவும் ஒரு வழி கிடைத்தது. முன்பு இந்த மலையில் ஒவ்வொரு படகர் குடும்பத்துக்கும் தொடர்புடைய கோத்தர் குடும்பம் ஒன்று இருந்தது. படகர்களுக்கு இரும்புக் கருவி, மண்பானை, சாவுக்கு வாத்தியம் எல்லாம் அந்தக் கோத்தர்களிடமிருந்துதான். பொருளுக்குப் பொருள் விலை கிடையாது, அறுவடையில் படகர் தானியம் கொடுப்பார்கள். இதைச் சொன்னதும் ஒரு பெரியவர், "அப்போ வரிசையை யார் முடிவு பண்ணுவாங்க? எங்க அரிவாள் முதலா, பக்கத்து வீட்டுக்காரன் மண்வெட்டி முதலா?" என்றார். முன்னுரிமை என்ற அத்தியாயத்தை அங்கிருந்தே தொடங்கிவிட்டேன்.

சரி, எதிர்ச்சொல்? துறை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்ற வகைக்கு 'பொதுப்பணி' ஆகாது. அது சாலைக்கும் பாலத்துக்கும் ஆகிவிட்டது. 'தெரிவுப்பணி' என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.