பழைய இதழ்களைப் பக்கத்தில் வைத்துப் பேசியபோது

யெகோவாவின் சாட்சிகளோடு பேச உட்காருகிறவர்கள் பெரும்பாலும் திரித்துவத்திலோ இரத்தம் ஏற்றுவதிலோ ஆரம்பிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் தெரிந்த வசனங்களை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ஆரம்பித்த இடத்திலேயே எழுந்து போகிறார்கள். நான் பல வருடங்களாக அவர்களிடம் கேட்பது வேறு. உங்கள் அமைப்பு தன் போதனைகளின் வரலாற்றை இன்று எப்படிச் சொல்கிறது, அந்தந்தக் காலத்தில் அச்சிட்ட பக்கத்தில் என்ன இருக்கிறது, இரண்டையும் சேர்த்து வாசிக்கலாமா என்றுதான் கேட்பேன்.

ஒரு சமயக் குழு தன் போதனையை மாற்றிக்கொள்வதை நான் குறையாக நினைப்பதில்லை. நூறு வருடம் நிலைத்த எந்தக் குழுவும் எதையாவது மாற்றித்தான் இருக்கிறது. என்னை வருத்துவது அதற்குப் பிறகு நடப்பது. 'முதலிலிருந்தே இதைத்தான் சொல்லிவருகிறோம்' என்று கதை திருத்தப்படும்போது, பழைய போதனையை நம்பி, அதற்காக ஊராரிடம் பேச்சு வாங்கி, வாழ்க்கையை அதற்கேற்ப அமைத்துக்கொண்ட மனிதர்கள் அந்தக் கதையிலேயே இல்லாமல் போகிறார்கள்.

ஒருமுறை வீட்டுக்கு அவர்கள் சபையை நடத்தும் பொறுப்பிலுள்ள ஒரு மூப்பரும் அவரோடு ஒரு இளைஞரும் வந்தார்கள். பேச்சு 1914-க்கு வந்தது. இளைஞர் உற்சாகமாகச் சொன்னார்: "பைபிள் மாணாக்கர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்னாலேயே 1914-ஐ உலகத்துக்கு அறிவித்துவிட்டார்கள் ஐயா." பைபிள் மாணாக்கர்கள் என்பது சாட்சிகளின் பழைய பெயர். உண்மைதான், அந்த ஆண்டை அவர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். "அந்த ஆண்டில் என்ன நடக்கும் என்று அறிவித்தார்கள் தம்பி?" என்று கேட்டேன். "கிறிஸ்துவின் காணக்கூடாத வந்திருத்தல் அப்போது ஆரம்பிக்கும் என்று" என்றார். கிறிஸ்து கண்ணுக்குத் தெரியாமல் பரலோகத்தில் ராஜாவாக ஆளத் தொடங்கியது 1914-இல் என்பதுதான் சாட்சிகளின் இன்றைய போதனை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட சுருக்கமான வரலாறு அவரை அந்த முடிவுக்குத்தான் கொண்டுபோயிருந்தது.

பைபிள் மாணாக்கர் இயக்கத்தைத் தொடங்கிய சார்ல்ஸ் டேஸ் ரஸல் தன் பத்திரிகையை 1879 ஜூலையில் தொடங்கினார். 'சீயோனின் காவற்கோபுரம்' என்பதோடு, கிறிஸ்துவின் வந்திருத்தலை முழங்கும் பத்திரிகை என்ற பொருளும் அதன் முழுப்பெயரில் சேர்ந்திருந்தது. அதாவது வந்திருத்தல் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது, அது 1874-இல் நடந்தது என்பதுதான் அவருடைய போதனை. 1914 என்பது முடிவின் ஆண்டு. இந்த உலகத்தின் அரசாங்கங்கள் எல்லாம் அதற்குள் ஒழிந்து கடவுளுடைய ராஜ்யம் முழுமையாக நிலைநாட்டப்படும் என்று 1889-இல் வெளிவந்த புத்தகத்தில் எழுதினார். சர்வ வல்லவருடைய மகா நாளின் யுத்தம் 1914-இல் முடியும் என்று முதல் பதிப்புகளில் இருக்கும் வரி, பிந்தைய பதிப்பில் 1915 என்று மாறியிருக்கிறது.

இரண்டு பதிப்புகளின் பக்கங்களையும் அருகருகே வைத்தேன். கூடவே 1891-இல் வந்த அடுத்த புத்தகத்திலிருந்தும் ஒரு பக்கம். எகிப்தின் பெரிய பிரமிடு கல்லில் எழுதப்பட்ட தீர்க்கதரிசனம் என்று ரஸல் நம்பினார். உள்ளே இருக்கும் வழியின் நீளத்தில் ஒரு அங்குலம் ஒரு வருடத்துக்குச் சமம் என்பது கணக்கு. பழைய பதிப்பில் அந்த நீளம் 3416 அங்குலம், அது 1874-இல் வந்து நிற்கிறது. பிந்தைய பதிப்பில் அதே வழி 3457 அங்குலம், இப்போது 1915-இல் வந்து நிற்கிறது. கல் அப்படியேதான் இருந்தது. நாற்பத்தொரு அங்குலம் புத்தகத்தில் மட்டும் வளர்ந்தது. 1928-இல், ரஸலுக்குப் பின் தலைவரான ரதர்ஃபோர்டின் தலைமையில் அதே காவற்கோபுரம், பிரமிடு சாத்தானோடு தொடர்புடையது என்று எழுதி அந்தப் போதனையை மொத்தமாகத் தள்ளிவிட்டது.

மூப்பர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் நான் எதிர்பார்த்த வசனத்தையே எடுத்தார்: நீதிமொழிகள் 4:18, நீதிமான்களின் பாதை நடுப்பகல்வரை அதிகமதிகமாய்ப் பிரகாசிக்கும் என்பது. வெளிச்சம் கூடக்கூடப் பழைய புரிதல் விலகும் என்றார். இந்தப் பதிலை ஏளனமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நேர்மையான பதிலாகவே பட்டது. அதனால்தான் ரோமர் 13-ஐப் பற்றி அவரிடம் கேட்டேன்.

'மேலான அதிகாரமுள்ளவர்கள்' என்று பவுல் சொன்னது யாரை? ரஸல் காலத்தில் அது உலக அரசாங்கங்களைக் குறித்தது. 1929-இல் அந்த விளக்கம் மாறியது: மேலான அதிகாரம் என்பது யெகோவாவும் கிறிஸ்துவும் மட்டுமே, பழைய விளக்கம் தவறு என்றார்கள். 1962-இல் மறுபடியும் உலக அரசாங்கங்கள் என்று திரும்பினார்கள். "ஐயா, வெளிச்சம் கூடிக்கொண்டே போனால் புறப்பட்ட இடத்துக்கே எப்படி வந்து சேரும்?" என்று கேட்டேன்.

அவர் சொன்ன பதில் இன்றும் என் மனதில் இருக்கிறது. "அந்த இடைப்பட்ட காலத்தில் ஜெர்மனியில் எங்கள் சகோதரர்கள் முகாம்களில் கிடந்தார்கள். அரசாங்கத்தைவிட யெகோவாதான் மேலானவர் என்ற அந்தப் புரிதல் இல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் ஹிட்லருக்கு வணக்கம் செலுத்தாமல் நின்றிருப்பார்களா?" என்றார். அமைப்பின் வெளியீடுகளிலும் ஏறக்குறைய இந்த விளக்கம்தான் இருக்கிறது. ஆனால் அவர் அதை ஒப்பிக்கவில்லை, குரல் தழுதழுக்கச் சொன்னார். நாஜி ஆட்சியில் சாட்சிகள் ஊதா முக்கோணம் தைத்த உடையோடு முகாம்களில் அடைக்கப்பட்டதும், இராணுவத்தில் சேர மறுத்துச் செத்ததும் மறுக்க முடியாத வரலாறு. அந்தத் துணிச்சலுக்கு முன்னால் நான் வாதாடவில்லை. ஒன்றை மட்டும் கேட்டேன்: "அப்படியானால், நாங்கள் தவறாகப் புரிந்திருந்தபோதும் கடவுள் எங்களைக் கைவிடவில்லை என்று சொல்லலாமே? தவறே நடக்காத மாதிரி ஏன் சொல்ல வேண்டும்?" அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "யோசிக்கிறேன்" என்றார். இத்தனை வருடங்களில் நான் கேட்ட பதில்களில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான்.

இன்னொரு அனுபவம் ஒரு சகோதரியோடு. பல வருடங்கள் பயனியராக, அதாவது பெரும்பகுதி நேரத்தை ஊழியத்துக்கே கொடுப்பவராக இருந்தவர், விழித்தெழு! இதழைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக நடந்தவர். அந்த இதழின் உள்பக்கத்தில் அதன் நோக்கத்தைச் சொல்லும் ஒரு சிறு பத்தி அந்தக் காலத்தில் இருக்கும். 1914-இன் சம்பவங்களைக் கண்ட தலைமுறை ஒழிந்துபோவதற்கு முன்னால் சமாதானமான புதிய உலகம் வரும் என்ற படைப்பாளரின் வாக்குறுதியில் நம்பிக்கை வளர்ப்பதே நோக்கம் என்று அதில் இருந்தது. கவனியுங்கள், அது படைப்பாளரின் வாக்குறுதி என்றே அச்சிடப்பட்டிருந்தது. 1995 அக்டோபர் 22 ஆங்கில இதழ்வரை அந்த வரி உண்டு. நவம்பர் 8 இதழில் இல்லை. இடையில் நவம்பர் 1 காவற்கோபுரத்தில் 'தலைமுறை' பற்றிய விளக்கம் மாறியிருந்தது. பிறகு 2008-இல் ஒரு மாற்றம், 2010-இல் இன்னொன்று: 1914-ஐக் கண்ட பரலோக நம்பிக்கையுள்ளவர்களும், அவர்கள் உயிரோடிருந்த காலத்தில் தாங்களும் கொஞ்ச காலம் வாழ்ந்த பிந்தைய குழுவும் சேர்ந்து ஒரே தலைமுறை என்றார்கள்.

இரண்டு இதழ்களையும் அவரிடம் கொடுத்தேன். அக்டோபர் இதழின் பத்தியை அவர் உதடு அசைய வாசித்தார். "இதை எத்தனை பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன்" என்றார். கோபம் இல்லை. அப்புறம் அவர் கேட்டதுதான் என்னை உலுக்கியது: "நான் சொல்லி நம்பினவர்களிடம் போய் இது மாறிவிட்டது என்று யார் சொல்வார்கள்?" போதனை மாறும்போது அதை வீட்டு வாசலில் நின்று சொன்ன சாதாரண ஆளின் மேல் விழும் இந்தப் பாரத்தைப் பற்றி எந்த விளக்கக் கட்டுரையும் பேசி நான் பார்த்ததில்லை.

1975 கதை பலருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாக. மனிதன் படைக்கப்பட்டு 6000 வருடங்கள் 1975-இல் முடியும் என்று 1966-இல் வந்த ஒரு புத்தகம் சொன்னது. உலகம் அந்த ஆண்டு முடியும் என்று நேரடியாகத் தேதி குறிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் வீடு நிலம் விற்று மீதி நாட்களைப் பயனியர் ஊழியத்தில் கழிக்கத் திட்டமிட்ட சகோதரர்களை 1974 மே மாத ஊழிய வெளியீடு பாராட்டியது. தேதி கடந்ததும், 1976 ஜூலை 15 காவற்கோபுரம், ஏமாற்றமடைந்தவர்கள் தங்கள் கண்ணோட்டத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று எழுதியது. பிழை வாசகருடைய புரிதலில் போய் உட்கார்ந்தது. 1980 மார்ச் 15 இதழில்தான், அந்த எதிர்பார்ப்பை வளர்த்த தகவலை வெளியிட்டதில் சம்பந்தப்பட்டவர்களுக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்புதலை நான் மதிக்கிறேன், அதை மறைத்துவிட்டு விமர்சிப்பது சரியில்லை. 1874 போதனையையும், நிறைவேறாமல் போன 1925 எதிர்பார்ப்பையும் அவர்களுடைய 1993 வரலாற்று நூலும் வெளிப்படையாகவே சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்தத் தடித்த நூல் அலமாரியில் இருக்கிறது. வாராந்தரப் படிப்பில் காதில் விழுவது சுருக்கமான கதைதான். பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள்.

வேறொரு குழுவில் இருந்த ஒரு மூத்த அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழுவின் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர்களுக்கும் ஒரு தேதி இருந்தது, அதுவும் கடந்துபோனது. தேதி தவறியது அவருக்குப் பெரிய காயமாக இல்லை. பல வருடம் கழித்து ஒரு இளம் போதகர், "அப்படி யாரும் சொல்லவே இல்லையே அம்மா, நீங்கள்தான் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்" என்றாராம். "அன்று அந்தச் செய்தியைக் கேட்டு எழுதி வைத்தது என் கைதானே" என்று சொல்லிவிட்டு, அடிக்கோடிட்ட பழைய நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். தன் ஞாபகம் சரிதானா என்று அவருக்கே சந்தேகம் வந்திருந்தது. வரலாற்றைத் திருத்துவது ஒரு மனிதரின் உள்ளே என்ன செய்யும் என்பதை அன்று நேரில் பார்த்தேன்.

மார்மன்கள் என்று அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்த இரண்டு இளம் ஊழியர்களோடு பேசியது வேறு மாதிரி. அந்தச் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தின் முதல் தரிசனத்தைப் பற்றி அவர் காலத்திலேயே பல விவரிப்புகள் உண்டு. 1832-இல் அவர் எழுதியதில் கர்த்தர் தோன்றிப் பாவம் மன்னித்தது முக்கியமாக இருக்கிறது. சபை வேதமாக ஏற்ற 1838 விவரிப்பில் பிதாவும் குமாரனும் இரண்டு நபர்களாகத் தோன்றுகிறார்கள். 1832 விவரிப்பு 1960-கள்வரை வெளியே அச்சில் வரவில்லை. இதைச் சொன்னால் முகம் மாறும் என்று நினைத்தேன். "எங்கள் சபையின் தளத்திலேயே 2013-இல் கட்டுரை வந்திருக்கிறது, நாங்கள் படித்திருக்கிறோம்" என்றார்கள். கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் மறுக்கப்பட்டது 1978-இல் முடிவுக்கு வந்ததையும், அந்தத் தடைக்கு முன்பு சொல்லப்பட்ட காரணங்களைச் சபை 2013-இல் மறுத்ததையும் அவர்களே எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் தந்த விளக்கங்கள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் இருவரும் பயமில்லாமல் பேச முடிந்தது. ஏனென்றால் கெட்ட செய்தியை அவர்கள் முதலில் கேட்டது சொந்த வீட்டில்.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் நண்பர் ஒருவரும் அப்படித்தான். 1844 அக்டோபர் 22-இல் கிறிஸ்து வராமல் போனது, பிறகு அது பரலோக ஆசரிப்புக்கூடத்தைப் பற்றிய போதனையாக மாறியது, இரக்கத்தின் கதவு அடைபட்டுவிட்டது என்று கொஞ்ச காலம் நம்பிவிட்டு அதைக் கைவிட்டது, ஆரம்பத் தலைவர்களில் சிலர் திரித்துவத்தை ஏற்காதது எல்லாவற்றையும் அவரே வரிசையாகச் சொன்னார்.

இப்படிப் பேசப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். எதிர்ப்பாளர்கள் தொகுத்த மேற்கோள்களைக் கொண்டுபோகாதீர்கள். விசுவாச துரோகிகளின் எழுத்து என்று பார்த்த உடனே பேச்சு நின்றுவிடும். அவர்கள் அச்சிட்ட பக்கத்தையே முழுதாகக் காட்டுங்கள், முன்னும் பின்னும் வெட்டாமல். இரண்டு பேர் வந்தால் ஒருவர் முன்னால் மற்றவரை மடக்காதீர்கள். சந்தேகம் வந்தாலும் அந்த இடத்தில் அவரால் சொல்ல முடியாது, சொன்னால் அவருடைய குடும்பமும் நட்பும் ஆட்டம் காணலாம். சாட்சிகளின் ஆங்கில இணைய நூலகத்தில் காவற்கோபுரம் 1950-லிருந்துதான் கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்கு, அவர்களே வெளியிட்ட அந்த 1993 நூலைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் பிரதியைக் கொடுப்பதைவிட, அவர்களிடம் இருக்கும் பிரதியை அவர்களே எடுத்துப் பார்ப்பது நல்லது.