பஞ்சால் நெற்றியை நனைத்தது திருமுழுக்கு (ஞானஸ்நானம்) ஆகுமா?

வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில் (ஆலய வட்டாரத்தில்) வந்திருக்கும் சிக்கல் இது. 31 வாரத்தில், 1.4 கிலோ எடையில் பிறந்த பெண் குழந்தை. மூன்றாம் நாள் இரவு மூச்சு திணறியதும், இன்குபேட்டருக்குள் கைவிட்டு நர்ஸ் ஒருவரே அவசரத் திருமுழுக்கு கொடுத்திருக்கிறார். இப்போது ஐந்து மாதம், பிள்ளை நலம். வரும் மாதம் கோவிலில் சடங்கு வைக்கப் பெற்றோர் கேட்கிறார்கள்.

கொடுத்தவர் யார் என்பதில் சிக்கல் இல்லை. ஆபத்தில் யாரும் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் 861 சொல்கிறது. வார்த்தைகளையும் விசாரித்தாயிற்று: மூவொரு கடவுளின் பெயரைச் சொல்லி 'அளிக்கிறேன்' என்றே முடித்திருக்கிறார். ('அளிக்கிறோம்' என்றிருந்தால் 2020-இல் ரோமை தந்த விளக்கப்படி செல்லாது.) உடனிருந்த பாட்டியும் அதையே சொல்கிறார்.

இடிப்பது தண்ணீர்தான். ஊற்றவில்லை; நனைத்த பஞ்சை நெற்றியில் மூன்று முறை ஒற்றியிருக்கிறார். தோல் நனைந்தது உறுதி, வழிந்ததா என்று இருவருக்கும் நினைவில்லை. தண்ணீர் தலையில் ஓட வேண்டும் என்பதால்தான் இந்தத் தயக்கம். மருத்துவமனை இருக்கும் பங்கின் பதிவேட்டிலும் பார்த்தோம், பதிவே இல்லை.

விசாரித்தும் ஐயம் தீராவிட்டால் சட்டம் 869-இன்படி நிபந்தனைத் திருமுழுக்கு ('ஏற்கெனவே பெறாதிருந்தால்' என்ற நிபந்தனையோடு கொடுப்பது) உண்டு. நர்ஸ் கொடுத்ததே செல்லும் என்றால் மீண்டும் கொடுக்கவே கூடாது. விடுபட்ட எண்ணெய் பூசுதல், வெள்ளாடை, மெழுகுவர்த்திச் சடங்குகள் மட்டும் போதும்.

பஞ்சால் ஒற்றிய இதே நிலையில், உங்கள் மறைமாவட்ட அலுவலகம் இந்த இரண்டில் எதைச் செய்யச் சொன்னது?