கலோரிமீட்டரில் ஆற்றல் குறைந்தால் மைய மோதல்தானே? கணக்கு உதைக்கிறது

கேள்வி:
ஈயம்–ஈயம் மோதல் தரவில் மையத்தன்மையை (இரு கருக்கள் எவ்வளவு நேருக்கு நேர் மோதின என்பதை) வகுப்புகளாகப் பிரித்துப் பழகுகிறேன். செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் ஆய்வில், மோதாமல் கற்றைத் திசையிலேயே பறப்பவற்றின் ஆற்றலை அளக்கும் பூஜ்யக் கோண கலோரிமீட்டரை மட்டும் நம்பினேன். கருக்கள் நேருக்கு நேர் மோதினால் மோதாமல் தப்பும் நியூக்ளியான்கள் (புரோட்டான்களும் நியூட்ரான்களும்) குறைவு, ஆகவே பதிவாகும் ஆற்றலும் குறைவு என்பது என் கணக்கு. ஆற்றல் மிகக் குறைந்த 10 விழுக்காட்டை ‘மைய மோதல்’ என்று வெட்டினேன். மைய மோதலில் புதிதாகப் பிறக்கும் துகள்களின் தடங்கள் ஏராளமாக இருக்க வேண்டுமே; ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய தடங்களே இருக்கின்றன! நிரலை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். கருவி பழுதா?

பதில் 1:
கருவியைத் திட்டாதீர்கள். தப்பியவை எல்லாம் தனித்தனியாக வரும் என்று எண்ணியதுதான் கோளாறு. விளிம்பில் உரசும் மோதலில் அவற்றில் பெரும்பகுதி ஒன்றோடொன்று பிணைந்து, கருத்துண்டாகவே பறக்கும். ஈயத்தின் நிறை எண்ணை மின்னூட்டத்தால் வகுத்தால் (208/82) சுமார் 2.5. துண்டுகளுக்கும் விகிதம் அதையொட்டியே இருப்பதால், காந்தங்கள் அவற்றைக் கற்றைக்குழாய்க்குள்ளேயே கொண்டுபோய்விடும். 110 மீட்டருக்கும் அப்பால் இருக்கும் கலோரிமீட்டருக்குக் கிடைப்பவை நேராகச் செல்லும் தனி நியூட்ரான்களும் பாதை விலகும் தனி புரோட்டான்களுமே. ஆகவே மையத்திலும் ஆற்றல் குறைவு, விளிம்பிலும் குறைவு; உங்கள் வெட்டில் சிக்கிய தடம் குறைந்தவை விளிம்பு மோதல்கள்.

பதில் 2:
ஓர் அச்சில் கலோரிமீட்டர் ஆற்றல், மற்றதில் முன்திசையில் இருந்த வி-ஜீரோ உணரியின் வீச்சு (மோதலில் பிறந்த துகள்கள் கூடக் கூட உயரும் குறிப்பலை அளவு) என்று வரைந்து பாருங்கள். வளைந்த கிளையின் இரு நுனிகளும் பிரிந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும், மையத்திலிருந்து 30 விழுக்காடு வரைதான் கலோரிமீட்டர் முறை உதவும். அதற்கு மேல் வி-ஜீரோ வீச்சுப் பரவலுக்கு கிளாபர் மாதிரியை (கருக்களின் வடிவிலிருந்து எத்தனை நியூக்ளியான்கள் மோதும் என்று கணிக்கும் மாதிரியை) பொருத்துங்கள்.

கேட்டவர்:
வரைந்தேன், வளைவு அப்படியே தெரிகிறது. வி-ஜீரோவுக்குப் பதிலாக நடுப்பகுதித் தடங்களை எண்ணி வகுக்கலாமா? அவைதான் என் ஆய்வுப் பொருளும்.

பதில் 2:
கூடாது. அளக்கப்போகும் தடங்களை வைத்தே வகுத்தால், தற்செயலாகத் தடம் மிகுந்த மோதல்கள் மைய வகுப்புக்குள் நுழைந்து விடையைத் திரிக்கும். இன்னொன்று, பதிவான நிகழ்வுகள் மொத்தத்தையும் 100 விழுக்காடாகக் கொண்டீர்களா? கடைசி 10 விழுக்காட்டில் மின்காந்தச் சிதைவு நிகழ்வுகள் (கருக்கள் தொடாமலே, மின்காந்தப் புலத்தால் உடைபவை) கலந்திருக்கும், உண்மையான மோதல்கள் சிலவும் விடுபட்டிருக்கும். கிளாபர் பொருத்தத்தைக் கொண்டு 90 விழுக்காட்டுப் புள்ளியை நிலைநிறுத்தி, அங்கிருந்து எண்ணுங்கள்.

கேட்டவர்:
கொண்டேன், ஐயா. பிழை ஒன்றல்ல, இரண்டு! திருத்தி ஓட்டியதில் 0–5 விழுக்காட்டு வகுப்பில் மோதலில் பங்கேற்கும் நியூக்ளியான்கள் சராசரியாக 380-ஐ ஒட்டி வருகின்றன. இரு கருக்களிலும் சேர்த்து மொத்தம் 416. சரிதானே?

பதில் 1:
சரி. மைய வகுப்பிலும் சில நியூக்ளியான்கள் தப்பும்; 416 வந்திருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன்.