புதுப்பிப்பு: டெல்லிக் குளிரில் 25 பேருக்கு வீட்டு விருந்து, மாவு பொங்கியதா?

மயூர் விஹாரில் எங்கள் வீட்டில் புத்தாண்டு இரவுக்கு 25 பேர் வருகிறார்கள், இந்தக் குளிரில் இட்லி மாவு பொங்க மாட்டேன் என்கிறது, என்ன செய்ய என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மாவுக்கு வேலை செய்தது, ஓவனைச் சூடாக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை ராத்திரி முழுக்க அதற்குள் வைக்கச் சொன்னவரின் யோசனைதான். 14 மணி நேரத்தில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து கிடந்தது, அதனால் பாத்திரத்தில் பாதிதான் ஊற்றுங்கள், அடியில் ஒரு தட்டும் வையுங்கள். கம்பளி சுற்றி வைத்த இன்னொரு பாத்திரம் அப்படியே கல் மாதிரி இருந்தது.

புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பே செய்துவிட்டேன், அன்றைக்குச் சாதம் மட்டும்தான் வடித்தேன்.

பசியோடு வருகிறவர்கள் கையில் முதலில் ஏதாவது கொடுங்கள் என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். சுண்டலும், டம்ளரில் சூடாக மிளகு ரசமும் கொடுத்தோம். இங்கேதான் கணக்கு தப்பியது. ரசத்தையே மூன்று டம்ளர் குடித்தவர்கள் சாப்பாட்டில் பாதிதான் சாப்பிட்டார்கள், 1 கிலோ அரிசி 10 பேருக்கு என்று இரண்டரைக் கிலோ போட்டதில் புளியோதரை நிறைய மிஞ்சிவிட்டது. தயிர்சாதத்தை யாரும் தொடவேயில்லை. அந்தக் குளிரில் யார் தொடுவார்கள், எனக்குத்தான் அது தோன்றியிருக்க வேண்டும்.

இட்லி மட்டும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.